மூன்றாவது படிக்கு மருந்து

சத்தியம் பண்ணிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். சத்தமாகவே பண்ணுகிறேன், கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கட்டும். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். கொஞ்சம் பொறுங்கள், நாக்கால் துழாவிப் பார்க்கிறேன். எல்லாம் இருக்கின்றன. ஆகவே உண்மைதான். மேலே போவோம்.

எங்கள் சுண்டையேந்தலில் அம்மன் கோயில் ஒரு பாறை மேல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் பல்லக்கில் ஏறி, படி இறங்கி, தெருவைச் சுற்றி வருவாள். பல்லக்குத் தூக்க நாலு பேர்: சேவுகன், உடையணன், சாத்தையா, வெள்ளைக்கண்ணு. இவர்களுடைய அப்பன்மாரும் பாட்டன்மாரும் தூக்கிய அதே தண்டு. அவரவர் தோள் படும் இடத்தில் தண்டில் குழி விழுந்திருக்கும். தண்டு படும் இடத்தில் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும். குழிக்கும் காய்ப்புக்கும் ஜாதகம் பார்த்துச் சேர்த்த மாதிரி அப்படி ஒரு பொருத்தம்.

அறிவு விஷயத்தில் நாலு பேரில் யாரும் யாருக்கும் கூடுதல் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூத்தவன் சேவுகன். சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு வலது முட்டி வலித்தது, நொண்டினான். அவன் நொண்டியதும் பல்லக்கு அவன் பக்கம் சாய்ந்தது. மற்ற மூன்று பேரும் அரசமரத்தடியில் கூடிப் பேசினார்கள். அண்ணனைப் பார்த்து நேராக நட என்று சொல்வது மரியாதையில்லை, அதனால் நாமும் நொண்டிவிடுவோம் என்று முடிவாயிற்று. நாலு பேரும் ஒரே காலில் ஒரே தாளத்தில் நொண்டியதும் பல்லக்கு குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாகப் போயிற்று. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, இது சிம்ம நடையா, சர்ப்ப நடையா என்று கேட்டார்கள். எங்க ஊர் நடை என்றான் சேவுகன். மரியாதைக்கு நொண்டியவர்களுக்கும் நாளாக ஆக நிஜமாகவே முட்டி வலி வந்து சேர்ந்தது. மரியாதையை அளவோடு வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியாது.

போன வருஷத் திருவிழாவில் பாதித் தெருவில் நாலு பேரும் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அம்மன் வெயிலில் காத்திருந்தாள். தர்மகர்த்தா வயிரவன் குடையைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் அம்மன் மடியில இருக்கிற எலுமிச்சம்பழம் கீழ விழுந்துச்சுன்னா, இல்ல பல்லக்கு பாதியில நின்னுச்சுன்னா, தண்டைக் கீழச்சுனைப் பயலுகளுக்கு மாத்திக் குடுத்துருவேன். சொல்லிட்டேன்."

கீழச்சுனை பக்கத்து ஊர். அங்கே இளவட்டங்கள் அதிகம், முட்டிகள் புதுசு. சேவுகன் அன்று சாப்பிடவில்லை. தண்டு போய்விட்டால் தோளில் இருக்கிற காய்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெறும் தோளில் காய்ப்போடு நடந்தால் ஊர் சிரிக்காதா? அந்தக் கவலையில் மெலிந்து, கடைசியில் திருவிழாவுக்கு ஒரு மண்டலம் இருக்கும்போது மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினான்.

டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஜெபமணி அம்மா. பொறுமைசாலி. நாலு பேரும் ஒரே காலில் நொண்டிக்கொண்டு கடைக்குள் வந்ததைப் பார்த்து, ஏதோ விபத்து என்று நினைத்துப் பதறி எழுந்தார். விஷயம் தெரிந்ததும் மூட்டுச் சத்து என்று நாலு வகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாத்திரை, பாலில் கலந்து குடிக்கிற பொடி, சாப்பாடு முடிந்தபின் குடிக்கிற டானிக், வலிக்கிற இடத்தில் தடவுகிற களிம்பு.

"உள்ள இருக்கிற சரக்கு எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதாண்ணே. ஒருத்தருக்கு ஒண்ணு ஒத்துக்கும். ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். ஆனா எதுக்கும் முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க."

நாலு பேரும் வெளியே போய், எதிர்ச் சாரியில் இருந்த ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக டாக்டரைப் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்டு நன்றாகத்தான் இருந்தார். திருப்தியோடு திரும்பி வந்து நாலையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் அரசமரத்தடியில் ஆலோசனை. உள்ளே ஒரே சரக்கு என்றால் எதற்கு நாலு உருவம் என்று உடையணன் சந்தேகம் கிளப்பினான். வெள்ளைக்கண்ணு தெளிவுபடுத்தினான்: அரிசி ஒன்றுதான், ஆனால் இட்லி தின்றால் தூக்கம் வருகிறது, பழைய சோறு தின்றால் ரொம்பத் தூக்கம் வருகிறது. ஆக வித்தியாசம் உருவத்தில்தான் இருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

நாலு பேரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் சாத்தையா. அதனால் கொஞ்சம் கர்வம் உண்டு.

"ஆளுக்கு ஆள் முட்டி வேறண்ணே. ஒரே ஆள்கிட்ட நாலையும் குடுத்துப் பாத்தாத்தான் ஒப்பிட்டதா அர்த்தம்" என்றான்.

"ஒரு ஆளுக்கு முட்டி ரெண்டுதானடா இருக்கு?"

"முழங்கை ரெண்டு சும்மாதானே இருக்கு. மாத்திரை இடது முட்டிக்கு, பொடி வலது முட்டிக்கு, மத்தது ரெண்டும் முழங்கைக்கு."

"முழுங்கின மாத்திரைக்கு இடது முட்டி எதுன்னு எப்படித் தெரியும்?"

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு முழுங்கணும். பள்ளத்துக்குத்தான போகும்."

வெள்ளைக்கண்ணுவை இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான். எழுப்பிப் பார்த்தார்கள், புரண்டு வலது பக்கம் தூங்கினான். இப்படிப் புரண்டால் மருந்துக்கு வழி தவறிவிடும் என்று பயந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மாத்திரை உடையணனுக்கு, பொடி சாத்தையாவுக்கு, டானிக் வெள்ளைக்கண்ணுவுக்கு, களிம்பு சேவுகனுக்கு.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

மாத்திரை டப்பாவில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. சாத்தையா படித்துச் சொன்னான். உடையணன் வீட்டில் குழந்தையே கிடையாது, அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறதே. பரணில் வைத்தான். ஏணி வைத்தால் குழந்தைகளுக்கு எட்டும் என்று தோன்றியது. தென்னை மரத்தில் வைக்கலாம் என்றால் எங்கள் ஊர்க் குழந்தைகள் தென்னையை மாடிப்படி மாதிரி ஏறுகிறவர்கள். கடைசியில் குளக்கரைப் பனைமரத்து உச்சியில், மட்டைக்கு நடுவில் டப்பாவைக் கட்டி வைத்துவிட்டு இறங்கினான். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டே பனை ஏறி, வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்குவான்.

சாத்தையாவின் பொடியைப் பாலில் நன்றாகக் கலக்க வேண்டும். கட்டி தட்டக்கூடாது. அவன் ரொம்ப யோசித்தான். கறந்த பிறகு கலந்தால்தானே கட்டி தட்டுகிறது? கறப்பதற்கு முன்னாலேயே கலந்துவிட்டால் மாடே கலக்கிக் கொடுத்துவிடும் அல்லவா? தினமும் பொடியைத் தவிட்டில் போட்டுப் பசுவுக்கு வைத்தான். பத்தியம் தவறாமல் பாலைக் குடித்துவந்தான். அவன் முட்டி அப்படியே இருந்தது. பசு வேலி தாண்ட ஆரம்பித்தது. கிழட்டுப் பசு, எழுந்து நிற்கவே யோசிக்கிற ஜீவன், ஒரு நாள் துள்ளிக்கொண்டு கீழச்சுனை வரைக்கும் போய் அந்த ஊர் வைக்கோல் போரைச் சாப்பிட்டுவிட்டு வந்தது.

வெள்ளைக்கண்ணு டானிக்கை, சாப்பாடு முடிந்தபின் குடிக்க வேண்டும். யார் சாப்பாடு என்று ஜெபமணி அம்மா சொல்லவில்லை. தான் சாப்பிட்டதும் குடிக்கப் போனான். பிள்ளைகள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்ததும் பெண்சாதி உட்கார்ந்தாள். அவள் கை கழுவியதும் பாட்டிலைத் திறக்கப் போனால் தொழுவத்தில் எருமை அசை போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் வீட்டு உருப்படிதானே? பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எருமைக்கு எதிரில் உட்கார்ந்தான். எருமையை உங்களுக்குத் தெரியும். அது எந்த நாளில் சாப்பாட்டை முடித்திருக்கிறது? "இன்னுமா திங்கிற, நானும் மருந்து குடிக்க வேண்டாமா" என்று அதட்டிப் பார்த்தான். அது ஒரு தடவை நிறுத்தி, அவனைப் பார்த்து, மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

சேவுகன் விஷயம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. களிம்பை வலிக்கிற இடத்தில் தடவ வேண்டும். அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்து முட்டியைத் தட்டிப் பார்த்தான், வலிக்கவில்லை. உட்கார்ந்தான், வலிக்கவில்லை. கோயிலுக்குப் போனான். முதல் படி வலிக்கவில்லை. இரண்டாவது படி வலிக்கவில்லை. மூன்றாவது படியில் கால் வைத்ததும் உயிர் போயிற்று. கீழே இறங்கினான், வலி இல்லை. மறுபடி ஏறினான், சொல்லி வைத்தாற்போல் மூன்றாவது படியில் வலி.

"வீட்டுல இருக்கும்போது இல்லாத வலி, படிக்கு வந்தா வருது. அப்ப வலி முட்டியில இருக்கா, படியில இருக்கா?" என்று மற்ற மூவரையும் கேட்டான்.

அவர்கள் மலைத்துப் போனார்கள். இத்தனை வருஷமாக முட்டியை வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறோமே என்று வருத்தமும் பட்டார்கள். அன்று முதல் சேவுகன் விடிந்ததும் மூன்றாவது படிக்குக் களிம்பு தடவி, மெதுவாக நீவி விட்டான். நாள் ஆக ஆகப் படி கண்ணாடி மாதிரி பளபளத்தது. நல்ல குணம் தெரிகிறது என்றான். தடவுகிற இடத்தை மிதிக்கக்கூடாது என்று அவனே பக்கவாட்டில் ஏறி இறங்கினான். ஊர்க்காரர்களும் படியை இப்படிப் பார்த்துக்கொள்கிறானே, என்ன பக்தி என்று தாண்டிப் போனார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் வெள்ளோட்டம். அம்மன் இருக்கும் இடத்தில் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் வைத்துத் தூக்குவது அவர்கள் வழக்கம். எந்த வருஷமும் சிந்தியதில்லை. இந்த வருஷம் தூக்கி, ஒரே தாளத்தில் வலது காலை எடுத்து வைத்ததும், குடம் கவிழ்ந்து தண்ணீர் அத்தனையும் சேவுகன் தலையில் விழுந்தது.

இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராக நடக்க விட்டுப் பார்த்தார்கள். சேவுகன் நொண்டினான். சாத்தையா நொண்டினான். வெள்ளைக்கண்ணு நொண்டினான். உடையணன் மாப்பிள்ளை மாதிரி நேராக நடந்தான். பனை ஏறி ஏறிக் கால் இரும்பாகியிருந்தது.

"மாத்திரை ஒரு நல்ல பல்லக்குக்காரனைக் கெடுத்துருச்சே" என்றான் சேவுகன், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

உடையணன் அழுதுவிட்டான். "நான் வேணும்னு குணமாகலண்ணே. அதுவா ஆயிருச்சு."

"அழாத மாப்ள. நாளைக்குள்ள ஒண்ணு நாங்க மூணு பேரும் குணமாகணும், இல்லாட்டி நீ பழையபடி ஆகணும். எது சுலபம்?"

அவனுக்கு நொண்டச் சொல்லிக் கொடுத்தார்கள். மறந்து போயிருந்தது. எந்தக் கால் என்று குழம்பி இடது காலில் நொண்டினான். குடம் இந்தத் தடவை எகிறியே விழுந்தது. சாத்தையா தாடையைச் சொறிந்தான். பனையில் ஏறி இறங்கியதால் வந்த குணம், இறங்கி ஏறினால் போய்விடும் அல்லவா என்றான். உடனே உடையணனைக் கிணற்றில் இறக்கி ஏறவிட்டார்கள். மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏறினான். பொழுது சாய்வதற்குள் அவன் முன்னைவிடத் திடகாத்திரமாக, குளித்துவிட்டு வேறு வந்திருந்தான்.

சேவுகன் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நாளையோடு இந்தக் காய்ப்புக்கு வேலை இல்லை. "எல்லாம் அம்மன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த களிம்புக் குழாயை எடுத்துக்கொண்டு எழுந்தான். நாளைக்குத் திருவிழா, பல்லக்குப் பாரம் மொத்தமும் அந்தப் படியில்தானே இறங்கும்? பாவம், அதற்காவது வலிக்காமல் இருக்கட்டும் என்று, குழாயை நசுக்கிப் பிழிந்து மூன்றாவது படியில் முழுவதையும் தடவிவிட்டு வந்தான்.

மறுநாள் ஊரே கூடியிருந்தது. கீழச்சுனை இளவட்டங்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, தண்டு வாங்கத் தயாராக முன்வரிசையில் நின்றார்கள். வயிரவன் குடையை விரித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பல்லக்கு வரும் முன்னால் பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகத் தெருவில் கொட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று படியிலும் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள்.

நாயனம் ஊதியது. நாலு பேரும் தண்டைத் தோளில் ஏற்றினார்கள். நேரான நடை ஒன்று, கோணல் நடை மூன்று. பல்லக்கு ஆடிக்கொண்டே படி இறங்கியது. அம்மன் மடியில் பழம் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உருண்டது. கீழச்சுனைக்காரன் ஒருவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

அப்போது முன்னால் வந்த சேவுகனும் உடையணனும் மூன்றாவது படியில் கால் வைத்தார்கள்.

கால் வைத்ததுதான் தெரியும். இரண்டு பேரும் தொப்பென்று உட்கார்ந்த நிலையில் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். தண்டு இழுத்த இழுப்பில் பின்னால் வந்த சாத்தையாவும் வெள்ளைக்கண்ணுவும் அதே படியில் வந்து உட்கார்ந்து, அவர்களும் புறப்பட்டார்கள். பழம் மடியின் விளிம்புக்கு உருண்டு, பட்டுப் புடவை மடிப்பில் ஒரு கணம் தொங்கி நின்றது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். பல்லக்கு அடிப்படியைத் தாண்டித் தரைக்கு வந்ததும் மட்டமாயிற்று. பழம் புரண்டு மறுபடி அம்மன் மடிக்கே போய் உட்கார்ந்தது. நாலு பேரும் காலை நீட்டி, தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். தண்டு தோளில்தான் இருந்தது. அப்பன் பாட்டன் தூக்கிய தண்டு, எந்த நிலைமையிலும் விடமாட்டார்கள்.

உடையணன் எழுந்திருக்கப் போனான்.

"எந்திரிக்காத" என்றான் சேவுகன். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "எந்திரிச்சா நீ நேரா நிப்ப, நாங்க கோணலா நிப்போம். உக்காந்தா நாலு பேரும் சமம்டா."

நாலு பேரும் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். பல்லக்கு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிய சிமெண்டுத் தெரு, இலையில் ஊற்றிய நெய் மாதிரி இருந்தது. தண்டு இடுப்பு உயரத்தில் இருக்க, துளி ஆட்டம் இல்லாமல் அம்மன் போனாள். கூட்டம் வாயைப் பிளந்தது. வீட்டு வாசலில் நின்றபடியே அம்மன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடிகிறதே என்று பெண்கள் குலவை போட்டு, இன்னும் நாலு குடம் ஊற்றினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, இந்த நடைக்கு என்ன பெயர் என்று கேட்டார். எங்க ஊர் நடை என்றான் சேவுகன், தரையிலிருந்து.

பாதியில் நிற்காமல் தெருவைச் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். கீழச்சுனைக்காரர்கள் தர்மகர்த்தாவைச் சூழ்ந்துகொண்டு, நாலு பேரும் விழுந்ததை ஊரே பார்த்தது, தண்டைக் கொடுங்கள் என்று நியாயம் கேட்டார்கள். வயிரவனும் எங்கள் ஊர்க்காரர்தானே. நிதானமாகக் குடையைச் சுருக்கினார்.

"பழம் விழுந்தா மாத்துறேன்னுதான் சொன்னேன். தூக்குறவன் விழுந்தா மாத்துறேன்னு சொல்லலையே."

தண்டு தங்கிவிட்டது. அடுத்த வாரம் நாலு பேரும் ஜெபமணி அம்மா கடைக்குப் போனார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் நாலு பேரும் நின்றுகொண்டே போனார்கள். காரணம் உங்களுக்கே புரியும்.

எது ஒத்துக்கொண்டது என்று ஆவலாகக் கேட்டார் அந்த அம்மா. சேவுகன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொன்னான். மாத்திரை ஆளைக் குணமாக்கிவிடுகிறது, பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு ஆகாது. பொடி மாட்டுக்கு நல்லது. டானிக் எல்லாவற்றிலும் சிக்கனமானது, இன்றுவரை ஒரு சொட்டுக் குறையவில்லை.

"களிம்புதாம்மா மருந்து. ஒரே குழாயில நாலு பேருக்கும் முட்டி வலி தெரியாமப் போயிருச்சு. படியில தடவினதோட சரி."

ஜெபமணி அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு குறை" என்று தொடர்ந்தான் சேவுகன். "உக்காந்து போனதுல இப்பப் பின்பக்கம் வலி. வீட்டுல நின்னா இல்ல. தெருவுல உக்காந்தா வருது. அதாவது வலி படிய விட்டுத் தெருவுக்கு இறங்கிருச்சு. தெருவுக்குத் தடவணும்மா. நீளத்தை அளந்து கொண்டாந்திருக்கோம்."

வெள்ளைக்கண்ணு தோளில் இருந்த பெரிய கயிற்றுச் சுருளை மேஜைமேல் வைத்தான். கடைக்கு வந்த மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அந்த அம்மா கயிற்றுச் சுருளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, யாருக்கு எந்தக் களிம்பு கொடுத்தாலும் வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டார்: "முதல்ல கொஞ்சமா ஒரு ஓரத்துல தடவிப் பாருங்க. ஒத்துக்கிட்டா மத்த இடத்துக்குத் தடவலாம்."

சொன்னபடியே செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த ஓரம் என் வீட்டு வாசல். நேற்று விடிந்ததிலிருந்து பால்காரரும், தபால்காரரும், என் சம்பந்தியும் அந்த வழியாக உட்கார்ந்துதான் போயிருக்கிறார்கள். தெருவுக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று சேவுகன் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனான். நான் கொல்லைப்புறமாகத்தான் நடமாடுகிறேன்.

அதனால் ஒரு உபகாரம். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கொல்லைப்புறத்துக்கும் கயிறு போட்டு அளந்துவிடுவார்கள்.